மலையைக் குடைந்து தேடும் துணிக்கை: தேனியின் அச்சமும் ஆசையும்

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் பொட்டிப்புரம் என்றொரு சிற்றூர் உண்டு. அதன் அருகே அம்பரப்பர் மலையைக் குடைந்து ஒரு பௌதிகவியல் ஆய்வகம் அமைக்க இந்திய விஞ்ஞானிகள் எடுத்த முயற்சி பற்றியும், அதற்கு எழுந்த எதிர்ப்புப் பற்றியும் எங்கள் பக்கத்தில் அரைகுறையாகவே பேசப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இந்தியத் தமிழ்த் தொலைக்காட்சி ஓடாத வீடு குறைவு. ஆகவே ‘நியூட்ரினோ’ என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். அது என்ன என்பதுதான் தெரியாது. எங்கள் எழுத்துவழக்கில் அதை நியூத்திரினோ என்போம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

சோனகதெருவில் ஒரு பெரியவர், நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவன் என்பதால், ஒருநாள் அஸருக்குப் பிறகு என்னை மறித்துக் கேட்டார்: “சேர், உந்த நியூட்ரினோ வெடிச்சா இஞ்சையும் வருமோ? தேனி கிட்டத்தானே.” நான், “அது எப்பவோ வந்திட்டுது நானா, இப்பவும் உங்களுக்குள்ளால போய்க்கொண்டிருக்கு” என்றேன். மனுசன் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

விளையாட்டுக்குச் சொன்னதல்ல. சூரியனிலிருந்து வரும் நியூத்திரினோக்கள் மட்டும், ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பினூடாகச் செக்கனுக்கு ஏறத்தாழ 6500 கோடி செல்கின்றன. பகலில் மேலிருந்து வருபவை இரவில் பூமியைத் துளைத்துக் காலுக்குக் கீழிருந்து வருகின்றன. இவற்றுக்கு மின்னேற்றம் இல்லை. திணிவும் இல்லையென்று சொல்லத்தக்க அளவு சிறிது. எதனோடும் மோதுவதே அபூர்வம். தடுத்து நிறுத்த வேண்டுமென்றால் ஒளியாண்டுக் கணக்கில் தடித்த ஈயச்சுவர் வேண்டும். எங்கள் உடம்பும் இவற்றை உண்டாக்குகிறது. நாங்கள் உண்ணும் வாழைப்பழத்திலும் இளநீரிலும் உள்ள பொற்றாசியத்தில் சிறு பங்கு கதிர்த்தொழிற்பாடு உடையது. அதன் தேய்வினால் வளர்ந்த ஒருவரின் உடலிலிருந்து செக்கனுக்கு நாலாயிரம் அளவில் நியூத்திரினோ வகைத் துணிக்கைகள் வெளியேறுகின்றன. பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை.

அப்படியானால் இதைத் தேட மலை எதற்கு? வானவெளிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் மியுவோன் என்ற துணிக்கைகள் ஓயாமல் பொழிகின்றன. உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் செக்கனுக்கு ஒன்று வீதம் விழும். இந்த இரைச்சலுக்குள் நியூத்திரினோவின் கிசுகிசுப்புக் கேட்காது. ஒரு கிலோமீற்றர் பாறை மேலே இருந்தால் மியுவோன்கள் பத்து இலட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிடும். நியூத்திரினோவோ பாறையைப் பொருட்படுத்தாது. எங்கள் குடாநாடு மாதிரித் தட்டையான சுண்ணாம்புக்கல் நிலத்தில் இது நடவாது. பொட்டிப்புரத்து மலை சார்னோக்கைட் என்ற கடும்பாறை. அதற்குள் சுமார் 2 கிலோமீற்றர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 132 மீற்றர் நீளமான குகை, குகைக்குள் 50,000 தொன் இரும்புத் தகடுகளை அடுக்கிக் காந்தமாக்கிய ஒரு கருவி. தகடுகளுக்கு இடையே முப்பதினாயிரம் அளவில் கண்ணாடித் தட்டு உணரிகள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாளொன்றுக்கு ஒரு சில நியூத்திரினோக்களைப் பிடிக்கலாம் என்பதுதான் கணக்கு. மூன்று வகை நியூத்திரினோக்களில் எது பாரம் கூடியது, எது குறைந்தது என்ற வரிசையை அறிவதே முதல் நோக்கம்.

இதில் இந்தியர்களுக்கு ஒரு பழைய கனவும் உண்டு. 1965 இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வளிமண்டலத்தில் உருவாகும் நியூத்திரினோவின் தடயத்தை உலகில் முதன்முதலாகக் கண்டவர்களில் அவர்கள் அடங்குவர். மும்பை டாட்டா நிறுவனத்தாரோடு யப்பானின் ஒசாக்காவும் இங்கிலாந்தின் டர்ஹமும் சேர்ந்த குழு அது. அந்தச் சுரங்கத்தைத் தலைமுறைகளாகத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளிகள் என்பதை ஆய்வு வரலாறுகள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆய்வுகள் நின்றன, 2001 இல் சுரங்கமே மூடப்பட்டது. 1998 இல் யப்பானியர் தங்கள் கமியோக்கா சுரங்கத்தில் நியூத்திரினோ வகை மாறுவதை நிறுவினர். 2015 இல் அதற்கு நோபல் பரிசும் வந்தது. முன்னுக்கு ஓடியவன் பின்னுக்கு நிற்கும் வேதனை இந்திய விஞ்ஞானிகளின் எழுத்தில் தெரியும்.

இனி அச்சங்களுக்கு வருவோம். எல்லா அச்சமும் ஒரே சாக்கில் கட்டத்தக்கதல்ல.

பெரும் பௌதிகவியல் கருவிகளைக் கண்டு கியாமத் வந்துவிட்டதென்று அஞ்சுவது தேனியில் தொடங்கியதல்ல. 2008 செப்டெம்பர் 10 அன்று ஜெனீவாவில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள மோதுவி இயங்கத் தொடங்கியபோது, கருந்துளை உண்டாகிப் பூமியை விழுங்கிவிடும் என்று வழக்கே போட்டார்கள். இந்தியத் தொலைக்காட்சிகள் அதை நாள் முழுதும் காட்டின. மத்தியப் பிரதேசத்தில் 16 வயதுச் சிறுமி ஒருத்தி அந்தப் பயத்தில் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்று செய்தி வந்தது. விஞ்ஞானிகளின் விடை எளியது: அதைவிடப் பெரிய சக்தியோடு வானவெளிக் கதிர்கள் பூமியையும் சந்திரனையும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மோதி வருகின்றன, இரண்டும் இருக்கின்றன. விடை சரி. ஆனால் ஒன்பது நாள் கழித்து என்ன நடந்தது தெரியுமா? ஒரு மின்னிணைப்புப் பழுதாகி, ஆறு தொன் அளவில் ஹீலியம் கசிந்து, இயந்திரம் ஓர் ஆண்டுக்கு மேல் முடங்கியது. கருந்துளை வரவில்லை; வந்தது கம்பிப் பழுது.

தேனியிலும் ‘நியூத்திரினோ கதிர்வீச்சால் புற்றுநோய் வரும்’ என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. ‘அணுக்கழிவைக் கொட்டத்தான் குகை’ என்பது அடுத்த பேச்சு. அதுவும் உண்மையல்ல, ஆனாலும் அது வானத்திலிருந்து விழவில்லை. திட்டத்துக்குப் பணம் தருவதில் முதன்மையானது இந்திய அணுசக்தித் துறை. கூடங்குளம் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த 2012 இல், அந்த நிலையத்தின் கழிவைக் கைவிடப்பட்ட கோலார் சுரங்கத்தில் வைக்கலாம் என்ற பேச்சு மத்திய அரசின் தரப்பிலிருந்தே உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. கோலார் மக்கள் கிளர்ந்தெழ, அப்படி எண்ணமில்லை என்று பின்வாங்கினார்கள். நியூத்திரினோ பிடித்த அதே கோலார்! இதைக் கேட்ட தேனி விவசாயி சந்தேகப்பட்டால் அவனை அறியாமைக்காரன் என்று எப்படிச் சொல்வது? அமெரிக்காவிலிருந்து பூமியினூடாகக் கற்றை ஏவப்போகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அப்படித்தான். தொலைதூர ஆலையொன்றின் கற்றையைப் பிற்காலக் கட்டமாகத் திட்டத்தின் தொடக்ககால அறிக்கை குறிப்பிட்டிருந்தது. பிறகு ‘இல்லை’ என்றவர்களை ஊர் நம்பவில்லை.

இதற்கு அப்பால், நியூத்திரினோ என்ற சொல்லே தேவைப்படாத கேள்விகள் இருந்தன. பல இலட்சம் தொன் பாறையை வெடிவைத்து எடுத்தால் கிணற்று நீர் எங்கே போகும்? தூசி எங்கே படியும்? மலையில் ஆடுமாடு மேய்த்தவர்கள் எங்கே மேய்ப்பார்கள்? இடுக்கி, முல்லைப் பெரியாறு அணைகளுக்கு அதிர்வு எட்டுமா? இவை கேட்கவேண்டிய கேள்விகள். விஞ்ஞானிகளோ கூட்டத்துக்குக் கூட்டம் நியூத்திரினோ தீங்கற்றது என்றே விளக்கினர். கேட்டது தண்ணீரைப் பற்றி, பதில் வந்தது துணிக்கையைப் பற்றி.

இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்குள் இப்படியொரு ஆய்வகம் பல்லாண்டாக இயங்குகிறது. நியூத்திரினோவால் அங்கே எவருக்கும் தீங்கில்லை. ஆனால் 2002 இல் ஒரு நியூத்திரினோப் பரிசோதனையிலிருந்து சுமார் 50 லீற்றர் இரசாயனத் திரவம் கசிந்து ஓடையில் கலந்தது. அந்த மலையின் நீரைத்தான் ஏழு இலட்சம் பேர் அளவில் குடிக்கிறார்கள். வழக்கு, தடை, பல மாத முடக்கம். பொட்டிப்புரக் கருவியில் அத்தகைய திரவம் இல்லை. உணரிகளுக்குள் ஓடுவது வாயுக் கலவை. அதில் பெரும்பங்கு குளிரூட்டிகளில் பயன்படும் வாயு, புவி வெப்பமாதலுக்குக் காரணமானது. எவ்வளவு மீள்சுழற்சி, எவ்வளவு கசிவு என்று கேட்பது நியாயம்தானே.

குடாநாட்டார் எங்களுக்கு இது புரியாத கதையல்ல. எங்களுக்கு ஆறில்லை, மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்குவதுதான் எங்கள் கிணறு. சுன்னாகம் மின்நிலையப் பகுதியில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, ஒரு நிபுணர் அறிக்கை ஆபத்தில்லை என்றது, இன்னொரு பரிசோதனை எண்ணெய் உண்டு என்றது. சனம் போத்தலில் தண்ணீரை அள்ளிக்கொண்டு வீதிக்கு வந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாசுக்குப் பொறுப்பான நிறுவனம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு கட்டவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ‘நிபுணர் சொல்லிவிட்டார்’ என்ற சொல்லுக்கு அதன் பிறகு வலிகாமத்தில் பழைய மரியாதை இல்லை.

பொட்டிப்புரத்தின் கோப்பைப் புரட்டினால் திட்டம் எங்கே இடறியது என்பது தெரியும். முதலில் தெரிந்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியது என்பதால் 2009 இல் மறுக்கப்பட்டது. பிறகு தேனிக்கு வந்தனர். 2011 இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2015 தொடக்கத்தில் மத்திய அரசு சுமார் 1500 கோடி ரூபாயை ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு மார்ச்சில் வைகோவின் மனுவில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை வேலையை நிறுத்தியது. 2017 மார்ச்சில், பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் வழக்கில், பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை இடைநிறுத்தியது. காரணத்தைக் கவனியுங்கள்: தாக்க மதிப்பீட்டைச் செய்த சாலிம் அலி நிலையம் அதற்கு அங்கீகாரம் பெற்றதல்ல, கேரளத்தின் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா 5 கிலோமீற்றருக்குள் இருந்தது. பறவைகளைப் பற்றி அந்த நிலையத்துக்குத் தெரியாதது குறைவு. சுரங்க வெடிப்பு வேறு விஷயம். 2018 மார்ச்சில் மத்திய அமைச்சு ‘சிறப்பு நிகழ்வு’ என்று சொல்லி, கட்டட நிர்மாணப் பிரிவின் கீழ் மறுபடி அனுமதி கொடுத்தது. இரண்டு கிலோமீற்றர் மலைச் சுரங்கம் கட்டடமாம்! அந்த மாத இறுதியில் எதிர்ப்பு நடைபயணம் தொடங்கிய இடத்தில் ஒரு தொண்டர் தீக்குளித்து இறந்தார். அந்த மரணத்தை எந்தப் பக்கமும் தன் வாதத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது என் எண்ணம். 2022 பெப்ரவரியில் தமிழ்நாட்டு அரசே, அது புலிகள் நடமாடும் வழித்தடம் என்று உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிந்தது.

நான் இந்தப் பரிசோதனை நடக்கவேண்டும் என்று விரும்புகிறவன். ஆனாலும் திட்டத்தை வீழ்த்தியது வதந்தி என்று ஒப்பமாட்டேன். குறுக்குவழிதான் வீழ்த்தியது. தகுதியுள்ள ஒரு மதிப்பீட்டை 2010 இலேயே முறையாகச் செய்து, தமிழில் அச்சிட்டு ஊராரின் கையில் கொடுத்திருந்தால், ஒன்றில் மலை கிடைத்திருக்கும் அல்லது வேறு மலைக்குப் போக நேரம் கிடைத்திருக்கும்.

நம்பிக்கையும் சில வேளை அளவு மீறியது. எங்கள் கடலுக்கு அக்கரையில், இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் 2015 ஜூனில், தம் மறைவுக்கு ஒரு மாதத்துக்கு முன், திட்டத்தை ஆதரித்து ஆங்கிலத்தில் எழுதினார். அவரது சொல்லுக்கு இருந்த மதிப்பால் பலர் மனம் மாறினர். ஆனால் நியூத்திரினோவால் பூமிக்குள் எண்ணெய் தேடலாம், செய்தி அனுப்பலாம் என்ற பேச்செல்லாம் தொலைதூரச் சாத்தியங்கள். ஒரு ஊரிடம் மலையைக் கேட்கும்போது சொல்லத்தக்க காரணம், ‘அறிய விரும்புகிறோம்’ என்பது மட்டுமே. அது சிறிய காரணமல்ல. அப்துஸ் ஸலாமுக்கு 1979 இல் நோபல் பெற்றுக்கொடுத்த கோட்பாட்டுக்கு 1973 இல் ஜெனீவாவில் கிடைத்த முதல் சான்று, ஒரு நியூத்திரினோக் கற்றையால் கிடைத்ததே. அதனால் எவருடைய வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. இயற்கையின் இரு விசைகள் ஒன்றே என்பது தெரிந்தது.

இதற்கிடையில் சீனர்கள் ஜியாங்மென் நகருக்கு அருகே 700 மீற்றர் ஆழத்தில் 20,000 தொன் திரவம் நிரப்பிய கருவியை 2025 ஓகஸ்டில் இயக்கிவிட்டார்கள். அதே பார வரிசைக் கேள்விக்குத்தான் அவர்களும் விடை தேடுகிறார்கள், வேறு வழியில். மதுரையில் 85 தொன் இரும்பில் ஒரு சிறு மாதிரிக் கருவி 2018 முதல் இயங்குகிறது. மேலே பாறை இல்லாத சாதாரணக் கட்டடம் அது. மியுவோன்களை ஒழுங்காக எண்ணுகிறது. நியூத்திரினோவைப் பிடிக்க அதற்கு ஒரு மலை வேண்டும்.