மரத்தை விட சேற்றில்தான் அதிக கார்பன்! அலையாத்திக் காடுகளை அழித்தால் என்ன ஆகும்?

பிச்சாவரத்தில் படகில் போகிறவர்கள் மரங்களையும் வேர்களையும்தான் பார்ப்பார்கள். ஆனா, பருவநிலைக்கு முக்கியமான விஷயம் வேர்களுக்குக் கீழே, கறுப்புச் சேற்றுக்குள் இருக்கு.

கார்பன் எப்படிச் சுற்றுகிறது?

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் மரம் வளர்கிறது. இலை உதிர்ந்ததும் நுண்ணுயிரிகள் அதை மட்கச் செய்யும். கார்பன் மறுபடி காற்றுக்கே போய்விடும்.

சேற்றில் என்ன ஸ்பெஷல்?

கடல் நீர் ஏறி இறங்கும் இந்தக் காடுகளில் சேறு எப்போதும் ஊறியே கிடக்கும். ஆக்சிஜன் உள்ளே போகாது. அதனால் மட்குவது ரொம்ப மெதுவாக நடக்கும். புதைந்த இலையும் வேரும் நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே தங்கிவிடும். இதற்குப் பெயர்தான் 'நீல கார்பன்'.

காட்டை அழித்தால்?

இறால் பண்ணைக்காக மரங்களை வெட்டி, சேற்றைத் தோண்டிப் போட்டால் ஆக்சிஜன் உள்ளே புகும். பூட்டி வைத்த கார்பன் சில ஆண்டுகளிலேயே வெளியேறத் தொடங்கும். ஏற்கெனவே நிலக்கரி, பெட்ரோல், டீசல் புகையாலும் காடழிப்பாலும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடிக்கொண்டே போகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 10 லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அப்போ, புதுசா மரம் நட்டால் போதாதா?

நட வேண்டியதுதான். ஆனா, மரம் சில பத்தாண்டுகளில் வளர்ந்துவிடும். இழந்த கார்பன் சேற்றில் மறுபடி சேர நூற்றாண்டுகள் ஆகும். அதனால் இருக்கும் காட்டைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.