உங்களுக்குத் தெரியுமா? நார்க்கட்டி அகற்றிய பிறகும் சுகப்பிரசவம்

கருப்பை நார்க்கட்டியை (ஃபைப்ராய்டு) அறுவை செய்து அகற்றிய எல்லாப் பெண்களுக்கும் சிசேரியன் கட்டாயமில்லை. கட்டி இருந்த இடமும், தசைச்சுவரில் வெட்டிய ஆழமுமே முக்கியம். வெளிப்பரப்பில் காம்புடன் தொங்கிய கட்டியை எடுத்திருந்தாலோ, உட்குழிக் கட்டியை யோனி வழியே ஹிஸ்டரோஸ்கோப் செலுத்தி நீக்கியிருந்தாலோ பெரும்பாலும் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. தசையை ஆழமாகவோ பல இடங்களிலோ வெட்டித் தைத்திருந்தால், பிரசவ வலியின்போது தழும்பு கிழியக்கூடும். நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இது நேர்ந்தாலும், தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. இத்தகையவர்களுக்குச் சிசேரியன் தேவைப்பட்டால் 37 வாரம் நிறைந்தபின், 39 நிறைவதற்குள் செய்யலாம் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பின் பரிந்துரை. கட்டியை லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி அறுவை) எடுத்தால் வயிற்றுத் தழும்பு சிறியது. ஆனால் கருப்பைத் தழும்பும் சிறியதாகவே இருக்கும் என்பதில்லை. அதனால் பழைய அறுவைக் குறிப்பைப் பார்த்தே மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள்.