தேயிலைப் புழுவின் வயிற்றில் வளரும் குளவி

ராகலைப் பக்கத்து மலைகளில் கொழுந்து எடுப்பவர்கள் இந்தக் கூட்டைப் பார்த்திருப்பார்கள். இரண்டு மூன்று இலைகளை நூலால் ஒட்டி, உள்ளே இருந்தபடி ஒரு பச்சைப் புழு இலையைச் சுரண்டித் தின்னும். பெயர் டோர்ட்ரிக்ஸ். அதன் தாயான பழுப்பு அந்துப்பூச்சி, மீன் செதில்போல் முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இலையில் வைக்கும். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைத் தேயிலையை இந்தப் புழு பாடாய்ப் படுத்தியது. முட்டைத் திட்டுகளைக் கையால் பொறுக்கி அழித்தும் அடங்கவில்லை.

1935, 36ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து மெல்லிய உடம்புள்ள ஒரு குளவியைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்பது அதன் அறிவியல் பெயர். பெண் குளவி தன் நீண்ட முட்டைக்குழலை நுழைத்துப் புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். புழு சாவதில்லை, வழக்கம்போல் தின்று வளரும். உள்ளே நடப்பதுதான் பெரிய அதிசயம். அந்த ஒரு முட்டை பிளந்து பிளந்து பல கருக்களாகிறது, ஒவ்வொரு கருவும் ஒரு குளவிப் புழுவாகிறது. ஒரே முட்டையிலிருந்து வந்தவை என்பதால் அத்தனையும் ஆணாக இருக்கும், அல்லது அத்தனையும் பெண்ணாக இருக்கும். கடைசியில் அவை டோர்ட்ரிக்ஸ் புழுவை உள்ளிருந்தே தின்று தீர்த்து வெளியேறி, அதே இலைக்கூட்டுக்குள் நெருக்கமாகக் கூட்டுப்புழு உறைகளைப் பின்னிக்கொள்ளும். தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் சி. எச். காட் 1946இல் இதை விரிவாக எழுதினார்.

     

குளவி நிலைத்ததும் டோர்ட்ரிக்ஸ் அடங்கியது. ஆனால் 1950களின் பிற்பகுதியில், தேயிலைக் கம்பைத் துளைக்கும் சிறு வண்டை ஒழிக்கத் தாழ்ந்த மலைகளில் டீல்ட்ரின் மருந்து அடித்தார்கள். நெடுநாள் வீரியம் குறையாத அந்த நஞ்சு குளவிகளைக் கொன்றது. இலைக்கூட்டுக்குள் ஒளிந்திருந்த டோர்ட்ரிக்ஸ் தப்பித்துக் கட்டுக்கடங்காமல் பெருகியது. பிறகு டீல்ட்ரினையே கைவிட வேண்டி வந்தது. ஒரு பூச்சிக்கு மருந்து அடிக்கும்முன் அதே செடியில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் மலைநாட்டில் எனக்குத் தெரியவில்லை.

அதனால் தேயிலைச் செடியில் ஒன்றோடொன்று ஒட்டிய இலைகளைக் கண்டால் நசுக்குவதற்கு முன் மெல்லப் பிரித்துப் பாருங்கள். பச்சைப் புழு நெளிந்தால் அது டோர்ட்ரிக்ஸ். புழுவுக்குப் பதில் சிறு உறைகள் கொத்தாக ஒட்டிக் கிடந்தால் அதைச் செடியிலேயே விட்டுவிடுங்கள்.