மூன்று பேர், மூன்று திரை

"பம்பாய்க்கா போறே? கொடுத்து வெச்சவடி நீ!" என்று சொல்லித்தான் கும்பகோணத்தில் எங்கள் தெரு முழுக்க என்னை வழியனுப்பியது. 2024 மே மாதம் என் கணவருக்கு மாற்றலாகி, நவி மும்பையில் நெரூல் என்ற இடத்தில் ஏழாவது மாடி ஃபிளாட்டில் வந்து இறங்கினோம். பம்பாய் வேறு, நவி மும்பை வேறு, நடுவில் ஒரு கடல் கழி இருக்கிறது என்பதே எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும்!

காலை 7 மணிக்குள் பையன் பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவான். அவன் பின்னாலேயே இவர். ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் சி.எஸ்.எம்.டி. போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் நின்றுகொண்டே. 8 மணிக்கு வீடு காலி. எதிர் ஃபிளாட் கதவு சாத்தியிருக்கும், பக்கத்துக் கதவும் சாத்தியிருக்கும்.

ஊரில் என்றால் கீரைக்காரம்மா கூடையை இறக்கும்போதே, "என்ன தாயி, முகம் வாடிக் கிடக்கு?" என்று கேட்பாள். பூக்காரம்மாவுக்கு என் மாமியாரின் முழங்கால் வலி முதற்கொண்டு தெரியும். இங்கே பால் பாக்கெட் கதவில் தொங்கும் பையில் விழுந்துவிடுகிறது. காய்கறிக்குப் போனில் சொன்னால் பத்து நிமிஷத்தில் ஒரு பையன் வந்து நீட்டிவிட்டு லிஃப்டுக்கு ஓடுகிறான். ஒரு வார்த்தை பேசாமலே ஒரு நாளை ஓட்டிவிடலாம், நம்புவீர்களா? பள்ளி நாளில் ஹிந்தி 'பிராத்மிக்' பாஸ் செய்தவள்தான் நான். அந்த ஹிந்தியை வைத்துக்கொண்டு இங்கே ஒரு கட்டு கொத்தமல்லி வாங்க முடியவில்லை!

துணைக்கு டி.வி.யைப் போட்டேன். முதலில் காலை ஒரு மணி நேரம்தான். பிறகு சமையலுக்கு, துணி மடிக்க, சாப்பிட என்று நாள் முழுக்க ஓட ஆரம்பித்தது. பாத்திரம் தேய்க்கும்போது கூடத்தில் யாராவது அழுதுகொண்டே இருக்க வேண்டும் எனக்கு! சீரியல் மருமகளுக்காக நான் உப்பைக் கூட்டிப் போட்ட நாட்கள் உண்டு.

ராத்திரி ஏழரை மணிக்குத்தான் யுத்தம். ஐ.பி.எல். மாட்ச்சும் அதே நேரம், என் சீரியலும் அதே நேரம். இவர் எட்டரைக்கு வருவார், குளிப்பார், தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார். "நாளெல்லாம் நீதானே பார்க்கிறே? எனக்கு இந்த ரெண்டு மணி நேரம்கூடக் கிடையாதா?" என்பார். அதுவும் நியாயம்தானே! கடைசியில் பையன் தீர்ப்புச் சொன்னான்: "அம்மா, உன் சீரியலை போன்லயே பாரேன்." காதில் மாட்டுவதற்கு ஒரு கருவியும் வாங்கிக் கொடுத்தான். அவனுக்கு அவன் அறையில் அவன் போன். சண்டை ஓய்ந்தது. மூன்று பேர், மூன்று திரை, மூன்று அறை. கூடவே பேச்சும் ஓய்ந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை.

1996 மார்ச் 13 நினைவுக்கு வருகிறது. கல்கத்தா ஈடன் கார்டனில் இலங்கையோடு அரையிறுதி. தெருவே எங்கள் வீட்டுக் கூடத்தில். அம்மா இரண்டு முறை காப்பி போட்டாள். 120 ரன்னுக்கு 8 விக்கெட் போய், ஜனங்கள் ரகளை செய்து, ஆட்டம் நின்றுபோனபோது எல்லாரும் சேர்ந்து அழுதோம். தோற்ற ஆட்டம்தான், ஆனால் அன்றைக்கு யாரும் தனியாக இல்லை.

2025 ஜனவரியில் எனக்கு விடிகாலை இரண்டு மணிக்கு விழிப்புக் கொடுக்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். காரணமில்லாமல் கண்ணீர் வரும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஏதோ இருதயக் கோளாறு என்று பயந்து டாக்டரம்மாவிடம் போனேன். ஈ.சி.ஜி., தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. ரத்தத்தில் ஹீமோகுளோபின் மட்டும் 9.2. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மாதவிடாய் நிற்பதற்குச் சில வருஷங்கள் முன்பிருந்தே தூக்கம் கெடுவது, படபடப்பு, அழுகை எல்லாம் வரக்கூடும் என்றும் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, "காப்பி, டீயோடு சேர்த்துப் போடாதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள்" என்றார். (நான் அதுவரை எந்த மாத்திரையையும் காப்பியோடு விழுங்குகிறவள்.)

சீட்டை நீட்டிக்கொண்டே டாக்டரம்மா, "இன்றைக்கு எத்தனை பேரிடம் பேசினீர்கள்?" என்று கேட்டார். விரல் விட்டு எண்ணப் பார்த்தேன். அவரையும் சேர்த்து ஒன்று.

அன்றிரவு இவரிடம் அதைச் சொன்னேன். ஏதாவது சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, "எனக்கு மட்டும் ஆபீஸ்ல யார் இருக்காங்கன்னு நினைக்கிறே? மத்தியானம் சாப்பிடறப்ப கிரிக்கெட் பேசினாத்தான் மேஜையில எனக்கு ஒரு இடம் கிடைக்குது. அதுக்காகவாவது பார்த்துத் தொலைக்கணும்" என்றார். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குப் போட்டியாக நினைத்த கிரிக்கெட், அவருக்கு என் சீரியல் மாதிரிதான்!

டி.வி.யைத் தூக்கிப் போடுங்கள் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஊர் விட்டு ஊர் வந்தவளுக்கு ஒரு தமிழ்க்குரல் வேண்டித்தான் இருக்கிறது. நாங்கள் செய்தது இரண்டே மாற்றம். சாப்பாட்டு நேரத்தில் போன்கள் மூன்றும் ஃபிரிஜ் மேல். மாட்ச்சோ சீரியலோ, கூடத்து டி.வி.யில் எல்லாரும் ஒன்றாக. பையன் முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு எனக்கு 'எல்.பி.டபிள்யூ.' கற்றுக்கொடுக்கிறேன் பேர்வழி என்று என்னைத் திட்டித் தீர்த்தான்!

இட்லி மாவு வியாபாரம் ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான். எங்கள் மாடியில் ஒரு மராத்திக்காரம்மா, 'காக்கூ' என்று எல்லாரும் கூப்பிடுவோம், பேத்திக்கு இட்லி பிடிக்கும் என்று கேட்டார். நாலுக்கு ஒன்று அரிசியும் உளுந்தும், ஒரு ஸ்பூன் வெந்தயம், நம் ஊர்க் கணக்குத்தான். மே மாதப் புழுக்கத்தில் ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கி வழிந்துவிடும், ராத்திரி அரைத்து அப்படியே வைத்தால் காலையில் புளிப்புத்தான். இதை இரண்டு பாத்திரம் மாவைக் கொட்டித்தான் கற்றுக்கொண்டேன். இப்போது பன்னிரண்டு வீட்டுக்குக் கொடுக்கிறேன். பணம் பெரிதில்லை, பன்னிரண்டு கதவு திறக்கிறது. மாதம் ஒரு முறை குர்லாவில் ரயில் மாறி மாதுங்கா மார்க்கெட்டுக்கும் போய் வருகிறேன், வாழை இலைக்கும் பூவுக்கும். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் என் பிராத்மிக் ஹிந்தி நன்றாகவே தேறிவிட்டது.

தனிமையை ஏதோ மனசின் சொகுசு என்று நினைக்காதீர்கள். உலகத்தில் ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமை உணர்வு இருக்கிறது, அது உடம்பையும் கெடுக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமே 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது. மனம் ரொம்பத் தளர்ந்தால் 'டெலி மானஸ்' என்ற அரசாங்க இலவச எண் 14416 இருக்கிறது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் ஒரு பொய் பாக்கி இருந்தது. தினமும் அம்மாவிடம் போனில், "நல்லா இருக்கேம்மா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வயதானவளுக்கு எதற்குக் கவலை என்று.

2025 அக்டோபர் 30, பெண்கள் உலகக் கோப்பை அரையிறுதி எங்கள் நெரூல் டி.ஒய். பாட்டீல் மைதானத்திலேயே நடந்தது. ஆஸ்திரேலியா 338. ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 ரன் எடுத்து, ஆட்டமிழக்காமல் நின்று ஜெயிக்க வைத்தாள். பம்பாய்ப் பெண். அவளே பிறகு பேசினாள்: இந்தப் போட்டிகளின் நடுவே மனப்பதற்றத்தில் தவித்ததாக, அம்மாவைப் போனில் கூப்பிட்டு அழுததாக. ஒரு ஆட்டத்துக்கு அவளை வெளியே வேறு உட்கார வைத்திருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டையை அடைத்தது. ஊரே கொண்டாடும் பெண் அம்மாவிடம் அழுதேன் என்று வெட்கப்படாமல் சொல்கிறாள். எனக்கென்ன?

மறுநாள் அம்மாவிடம் ஒன்றரை வருஷக் கதையையும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "தெரியும்டி. நீ 'நல்லா இருக்கேன்'னு சொல்ற குரல் எனக்குத் தெரியாதா? நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள்.

நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, இறுதி ஆட்டம். மழையால் 5 மணிக்குத்தான் தொடங்கியது. எங்கள் கூடத்தில் 11 பேர்! அறுபது இட்லி எந்த ஓவரில் தீர்ந்தது என்றே தெரியவில்லை. வேறொரு பெண்ணுக்கு அடிபட்டதால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட ஷஃபாலி வர்மா 87 ரன். நூறு அடித்துவிட்டு மிரட்டிக்கொண்டிருந்த வோல்வார்ட்டின் பந்தை அமன்ஜோத் தட்டுத்தடுமாறிப் பிடித்தபோது காக்கூ என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. 52 ரன்னில் ஜெயித்தோம். நள்ளிரவில் மைதானத்துப் பக்கம் வெடித்த வாணம் எங்கள் பால்கனியிலிருந்து தெரிந்தது. தமிழ்க் குடும்பத்துப் பெண் மிதாலி ராஜ், 2005லும் 2017லும் இறுதிவரை வந்து தோற்ற காப்டன், அன்றைக்கு மைதானத்தில் அந்தக் கோப்பையைக் கையில் வாங்கியபோது இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. அம்மா! "தூங்கலையாம்மா?" என்றேன். "எங்கே தூங்கறது? டி.வி. முன்னாடிதான் இருக்கேன். அந்த பம்பாய்ப் பொண்ணு அழறாளா, சிரிக்கிறாளா? எனக்குக் கண்ணாடி சரியாத் தெரியலை" என்றாள்.

"ரெண்டும்தாம்மா" என்றேன்.

மறுநாள் விடிந்த பிறகுதான் அரிசி ஊறப் போடவே மறந்தது நினைவுக்கு வந்தது. முதல் ஆளாகப் பாத்திரத்தோடு வந்து நின்ற காக்கூ, "உத்யா, உத்யா" என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். நாளைக்கு என்று அர்த்தம்.