மாசு வாரிய மேஜையில் யார் யார்? காற்றை அறிந்த இருவரைத் தேடும் சட்டம்

புது தில்லி: அனல் மின் நிலையம் ஒன்றை நிறுவ வேண்டுமா, சிமென்ட் ஆலையின் உற்பத்தியைப் பெருக்க வேண்டுமா, எதுவானாலும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாமல் நடவாது. ஆலையை மூடச் சொல்லவும், அதற்குச் செல்லும் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லவும் 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக அதே வாரியத்துக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. இத்தனை வலிமை படைத்த வாரியத்தின் மேஜையைச் சுற்றி அமர்பவர்கள் யார், அவர்கள் என்ன படித்தார்கள், எங்கே பணியாற்றினார்கள் என்ற கேள்வி மட்டும் நீண்ட காலமாக யாரையும் பெரிதாக உறுத்தியதாகத் தெரியவில்லை.

குளிர்காலம் வந்து தில்லி புகையில் மூழ்கும்போதெல்லாம் வயலில் வைக்கோல் கொளுத்தும் விவசாயி, பழைய டீசல் வாகனம், தீபாவளிப் பட்டாசு எனக் குற்றவாளிகளின் பட்டியல் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்படுகிறது. அந்தப் பட்டியலில் வாரிய உறுப்பினர்களின் தகுதி இடம்பெறுவது அரிது. ஆனால், ஆண்டின் 365 நாள்களும் புகைபோக்கிகளைக் கண்காணிக்க வேண்டிய அமைப்பு அதுதான்.

பதினேழு நாற்காலிகள்

மாநில வாரியங்கள் பிறந்தது காற்றுக்காக அன்று, தண்ணீருக்காக. 1974-ஆம் ஆண்டு நீர் (மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம்தான் அவற்றை உருவாக்கியது. ஸ்டாக்ஹோமில் 1972-ல் நடைபெற்ற ஐ.நா. மாநாட்டின் தொடர்ச்சியாக 1981-ல் காற்றுச் சட்டம் வந்தபோது, அதற்கென்று தனி வாரியம் அமைக்கப்படவில்லை. தண்ணீரைக் கவனித்த வாரியமே காற்றையும் கவனிக்கட்டும் என்று விடப்பட்டது.

நீர்ச் சட்டத்தின் 4-வது பிரிவு கூறும் கணக்கு இது. ஒரு தலைவர். மாநில அரசின் அதிகாரிகள் ஐவர் வரை. மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளிலிருந்து ஐவர் வரை. விவசாயம், மீன்வளம், தொழில், வணிகம் ஆகியவற்றின் நலன்களுக்காக அரசு சாராதவர் மூவர் வரை. மாநில அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களின் பிரதிநிதிகள் இருவர். முழுநேர உறுப்பினர்-செயலர் ஒருவர். மொத்தம் 17 பேருக்கு மிகாமல் ஒரு வாரியம்.

உறுப்பினர்-செயலருக்கு மாசுக் கட்டுப்பாட்டின் அறிவியல், பொறியியல் அல்லது மேலாண்மை பற்றிய தகுதியும் அனுபவமும் வேண்டும் என்கிறது சட்டம். மற்ற உறுப்பினர்கள் அமர்வது தாங்கள் அறிந்த துறையின் பெயரால் அன்று, தாங்கள் சார்ந்த தரப்பின் பெயரால். மருத்துவருக்கென்று ஓர் இடம் இல்லை. வானிலை அறிஞருக்கோ வேதியியலாளருக்கோ இடம் இல்லை. புகையைச் சுவாசிக்கும் குடிமக்களின் சார்பாக அமர்பவர் என்று ஒருவரும் இல்லை.

காற்றுச் சட்டத்தை இயற்றியவர்கள் இந்தக் குறையை ஓரளவு உணர்ந்திருக்க வேண்டும். உறுப்பினர்களில் குறைந்தது இருவராவது காற்றின் தரத்தை மேம்படுத்துவதிலோ, காற்று மாசைத் தடுப்பதிலோ தனி அறிவு அல்லது நடைமுறை அனுபவம் உள்ளவர்களாக இருப்பதை மாநில அரசு உறுதிப்படுத்த வேண்டும் என்று 5-வது பிரிவில் ஒரு வரம்பு சேர்க்கப்பட்டது. பதினேழு பேரில் இருவர் போதும் என்பது அதிகப்படியான எதிர்பார்ப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இசைவு கேட்பவரும் கொடுப்பவரும்

அந்த எளிய எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை என்பதை 2022-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தில்லியில் இயங்கும் கொள்கை ஆய்வு மையம் (சி.பி.ஆர்.), சிந்து - கங்கைச் சமவெளியையும் அதை ஒட்டிய பகுதிகளையும் சேர்ந்த பத்து வாரியங்களின் உறுப்பினர் பட்டியல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் துணையோடு திரட்டியது. பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், உத்தரகண்ட், பிகார், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களும் தில்லியும் அதில் அடக்கம். நாட்டிலேயே காற்று மிக மோசமாக உள்ள நிலப்பரப்பு இது.

வாரிய உறுப்பினர்களில் 57 சதவீதத்துக்கும் அதிகமானோர், மாசை உண்டாக்கக் கூடிய தரப்புகளின் பிரதிநிதிகள் என்பது அந்த ஆய்வின் முடிவு. உள்ளாட்சிகள், தொழில் துறை, அரசு நிறுவனங்கள் ஆகிய மூன்றும் இந்தக் கணக்கில் வருகின்றன. விஞ்ஞானிகள், மருத்துவர்கள், கல்வியாளர்கள் எல்லோரையும் கூட்டினாலும் 7 சதவீதம்தான். காற்றை அறிந்த இருவர் என்ற சட்டத்தின் நிபந்தனையைப் பெரும்பாலான வாரியங்கள் பூர்த்தி செய்யவில்லை.

உள்ளாட்சிப் பிரதிநிதியை மாசு தரப்பில் சேர்ப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால், குப்பைக் கிடங்கில் தீப்பிடித்துப் புகையும்போது வாரியம் நோட்டீஸ் அனுப்ப வேண்டியது மாநகராட்சிக்குத்தான். மாநில மின் உற்பத்திக் கழகத்தின் நிலக்கரி உலைகளுக்கு இசைவாணை வழங்க வேண்டியதும் வாரியமே. அந்தக் கழகத்தின் அதிகாரியும் மாநகராட்சியின் பிரதிநிதியும் வாரியத்திலேயே அமரச் சட்டம் வழி செய்து வைத்திருக்கிறது. அவர்கள் நேர்மையற்றவர்கள் என்று யாரும் கூறவில்லை. எனினும், கண்காணிக்கப்பட வேண்டியவர் கண்காணிப்பவரின் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கிறார்.

காற்றுச் சட்டத்தின் 8-வது பிரிவு இதைவிட விசித்திரமானது. யாரெல்லாம் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று அது பட்டியலிடுகிறது. மாசைக் கட்டுப்படுத்தும் கருவிகளைத் தயாரிக்கும் அல்லது விற்கும் நிறுவனத்தில் பங்கு உள்ளவருக்கு வாரியத்தில் இடமில்லை. வாங்குபவரையும் விற்பவரையும் பிரித்து வைக்கும் அந்த எச்சரிக்கை நியாயமானதே. ஆனால், புகையைக் கக்கும் ஆலையின் உரிமையாளருக்கு அத்தகைய தடை எதுவும் அங்கே காணப்படவில்லை. புகையை வடிகட்டும் கருவி விற்பவர் வரக் கூடாது. புகை விடுபவர் தொழில் துறைப் பிரதிநிதியாக வரலாம்!

அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தில் 1977-ல் சேர்க்கப்பட்ட 128-வது பிரிவு இதே சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. அனுமதி வழங்கும் மாநில வாரியங்களில் பெரும்பான்மையினர் பொதுநலனின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அனுமதி பெறுவோரிடமிருந்து தங்கள் வருமானத்தின் கணிசமான பகுதியை ஈட்டுபவர்களாக அவர்கள் இருக்கக் கூடாது என்கிறது அது. கலிபோர்னியாவின் காற்று வள வாரியத்தில் வாகனப் பொறியியல் அறிந்தவருக்கும், மருத்துவர் அல்லது மாசின் உடல்நல விளைவுகளை அறிந்தவருக்கும் சட்டமே இடம் ஒதுக்கியிருக்கிறது. இந்தியச் சட்டம் 1981-ல் இயற்றப்பட்டபோது 128-வது பிரிவுக்கு வயது நான்கு.

'அல்லது' என்ற ஒரு சொல்

உறுப்பினர்களின் கதை இப்படி என்றால், தலைவர் பதவியின் கதை நீதிமன்றங்கள் வரை சென்றது. சுற்றுச்சூழல் பாதுகாப்பில் தனி அறிவோ நடைமுறை அனுபவமோ உள்ளவர் தலைவராகலாம் என்று கூறும் நீர்ச் சட்டம், அதோடு நிற்காமல், அல்லது இத்தகைய விஷயங்களைக் கையாளும் நிறுவனங்களை நிர்வகித்த அறிவும் அனுபவமும் உள்ளவர் என்று ஒரு மாற்று வழியையும் திறந்து வைத்திருக்கிறது. இந்த 'அல்லது' வழியாகத்தான் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் பலர், பணியில் இருப்பவரும் ஓய்வு பெற்றவருமாக, தலைவர் நாற்காலிக்கு வந்து சேர்ந்தனர். சில மாநிலங்களில் அரசியல்வாதிகளும் வந்தனர்.

எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. 1984-ல் பட்டாச்சார்யா குழு, 1990-ல் பெல்லியப்பா குழு, அதன் பிறகு அபாயகரக் கழிவுகளை ஆராய்ந்த எம்.ஜி.கே. மேனன் குழு என வாரியங்களின் அமைப்பைப் பற்றிய பரிந்துரைகள் அடுத்தடுத்து வந்தன. மத்திய வாரியத்தின் செயல்பாட்டை ஆராய்ந்து நாடாளுமன்ற நிலைக்குழு 2008-ல் தனது 192-வது அறிக்கையை அளித்தது. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் சார்பில் 2013-ல் வெளியான ஆய்வு, வாரியத் தலைவர்களில் ஏறத்தாழ 77 சதவீதத்தினரும் உறுப்பினர்-செயலர்களில் 55 சதவீதத்தினரும் அப்பதவிகளுக்குப் போதிய தகுதி உடையவர்கள் அல்லர் என்று கூறியது. குழுக்களுக்கும் அறிக்கைகளுக்கும் இந்த நாட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

உத்தரகண்டைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கில், 2016 ஆகஸ்டில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் எல்லா மாநிலங்களின் நியமனங்களையும் மறுபரிசீலனை செய்ய உத்தரவிட்டது. மாநிலங்கள் அசைந்து கொடுக்காததால், 2017 ஜூனில் தமிழகம், கேரளம், ஹரியாணா, மகாராஷ்டிரம் உள்ளிட்ட பத்து மாநிலங்களின் வாரியத் தலைவர்கள் பதவியில் செயல்படவே தடை விதித்தது. அந்தத் தடைக்கு அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

நீதிபதிகள் மதன் பி. லோகுர், தீபக் குப்தா ஆகியோர் 2017 செப்டம்பர் 22-ல் அளித்த தீர்ப்பு இரு முனைகள் கொண்டது. நியமனங்களில் தலையிடப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை என்று கூறி அதன் உத்தரவை ரத்து செய்தது ஒரு முனை. வல்லுநர்களை நியமிக்காத மாநிலங்களின் போக்கைச் சாடி, ஆறு மாதங்களுக்குள் உரிய வழிகாட்டு நெறிகளை அல்லது பணி நியமன விதிகளை வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது மறுமுனை. தகுதியற்றவர் நியமிக்கப்பட்டால், எந்த உரிமையில் அவர் பதவி வகிக்கிறார் எனக் கேட்கும் 'கோ வாரண்டோ' பேராணைக்காகப் பொதுநல நாட்டம் கொண்ட எவரும் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

இந்த ஆறு மாதங்கள் முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வெளிவந்ததுதான் மேலே சொன்ன கொள்கை ஆய்வு மையத்தின் கணக்கு. வேறு துறைகளையும் கூடுதல் பொறுப்பாகச் சுமப்பவர்களே பல மாநிலங்களில் தலைவராகவும் உறுப்பினர்-செயலராகவும் இருப்பதை அது கண்டது. சத்தீஸ்கரில் ஒரு தலைவர் பதவியில் இருந்தது 18 நாள்கள். ஹரியாணாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் உறுப்பினர்-செயலர்களின் மிகக் குறைந்த பதவிக்காலம் 15 நாள்கள். கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டுத் தெரிந்து கொள்வதற்கே அந்தக் காலம் போதாது.

தண்ணீர் அறிந்தவர்கள்

விதிவிலக்குகளும் உண்டு. மேற்கு வங்க வாரியத்துக்கு நதிகளை ஆராய்ந்த கல்யாண் ருத்ரா பல ஆண்டுகள் தலைமை வகித்தார். பிகாரில் நிலத்தடி நீரின் ஆர்செனிக் நச்சை ஆராய்ந்த அசோக் குமார் கோஷ் தலைவராக இருந்தார். பஞ்சாபில் அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆதர்ஷ் பால் விக் அப்பொறுப்பை ஏற்றார். மூவருமே கோப்பு வழியாக அல்லாமல் ஆய்வு வழியாகச் சுற்றுச்சூழலை அறிந்தவர்கள்.

இந்தப் பட்டியலிலும் ஒன்று கண்ணில் படுகிறது. ஒருவர் நதி அறிஞர், ஒருவர் நிலத்தடி நீர் அறிஞர். நீர்ச் சட்டத்தின் வயிற்றில் பிறந்த வாரியத்தில், அறிஞரைத் தேடும்போதும் தண்ணீர்தான் முன்னே வருகிறது. காற்று இன்னமும் இரண்டாம் தாரத்துப் பிள்ளையாகவே நடத்தப்படுகிறது.

காற்று வேறு வகையான அறிவைக் கேட்கிறது. ஆற்றில் கலக்கும் கழிவை ஒரு குழாயின் வாயில் நின்று பிடிக்கலாம். ஒரு புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கந்தக டை ஆக்சைடு, காற்றில் பயணிக்கும் வழியிலேயே நுண்துகளாக மாறி, அடுத்த மாநிலத்தில் இறங்குகிறது. பெரிய ஆலைகளின் புகைபோக்கிகளில் பொருத்தப்பட்ட கருவிகள் நாள் முழுவதும் வாரியத்துக்கு எண்களை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அந்த எண்களில் எது உண்மை, எது பழுதான கருவியின் உளறல், எது திருத்தப்பட்டது என்று கேட்கத் தெரிந்தவர் மேஜையில் இல்லாவிட்டால், ஆலை தருவதை அப்படியே ஏற்பதைத் தவிர வாரியத்துக்கு வேறு வழியில்லை.

மேலே அமர்பவர்கள் இப்படி என்றால், கீழே பணியாற்ற வேண்டியவர்களும் இல்லை. தில்லியிலும் சுற்றியுள்ள மாநிலங்களிலும் மாசு வாரியங்களின் காலியிடங்களை 2025 ஏப்ரல் இறுதிக்குள் நிரப்ப உச்ச நீதிமன்றம் 2024-ல் கெடு விதித்தது. கெடு கடந்த பின், தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவில் மட்டும் 55 சதவீத இடங்கள் காலியாக இருப்பது 2025 மே மாதத்தில் நீதிமன்றத்தின் முன் வந்தது. யூனியன் பிரதேசமான தில்லிக்கு மாநில வாரியம் கிடையாது. மத்திய வாரியத்தின் அதிகாரங்கள் ஒப்படைக்கப்பட்ட இந்தக் குழுதான் தலைநகரின் காற்றுக்குக் காவல்.

தில்லிக்கும் அண்டைப் பகுதிகளுக்கும் என 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட காற்றுத் தர மேலாண்மை ஆணையத்தில் முழுநேரத் தொழில்நுட்ப உறுப்பினர்களுக்கும் தன்னார்வ அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கும் இடம் தரப்பட்டது ஒரு முன்னேற்றமே. ஆனால், அதன் தலைவருக்கான தகுதி என்ன? சுற்றுச்சூழல் பாதுகாப்பில் 15 ஆண்டு அனுபவம், அல்லது நிர்வாகத்தில் 25 ஆண்டு அனுபவம். 'அல்லது' மீண்டும் வந்துவிட்டது. முதல் தலைவராக வந்தவர் பெட்ரோலியத் துறையின் முன்னாள் செயலரான எம்.எம். குட்டி.

திருத்தம் தொட்டதும் தொடாததும்

2024 பிப்ரவரியில் நீர்ச் சட்டத் திருத்த மசோதா ஒரே வாரத்தில் மாநிலங்களவையிலும் மக்களவையிலும் நிறைவேறியது. மாநில வாரியத் தலைவரை மாநில அரசே நியமிக்கும். ஆனால் எந்த முறையில் நியமிப்பது என்பதை மத்திய அரசு வகுக்கும் என்பது அதன் முக்கிய அம்சங்களில் ஒன்று. மாநிலங்களின் அதிகாரம் பறிபோகிறது என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. நியமனங்களில் ஒரே சீரான முறை வரும் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. உச்ச நீதிமன்றம் மாநிலங்களிடம் ஒப்படைத்த வேலையை மாநிலங்கள் செய்யாததால்தான் தில்லிக்கு இந்த வாய்ப்புக் கிடைத்தது என்பதை இரு தரப்பும் அழுத்திப் பேசவில்லை.

மாநிலங்களுக்கு உரிய பொருளான தண்ணீர் பற்றிய சட்டம் என்பதால், இந்தத் திருத்தம் ஏற்றுத் தீர்மானம் இயற்றும் மாநிலங்களுக்கே பொருந்தும். இமாசலப் பிரதேசமும் ராஜஸ்தானும் அவ்வாறு முதலில் முன்வந்தவை.

திருத்தம் தொட்டது தலைவரின் நாற்காலியை. உள்ளாட்சிக்கு ஐந்து, அரசு நிறுவனங்களுக்கு இரண்டு, தொழிலும் வணிகமும் உள்ளிட்ட நலன்களுக்கு மூன்று என 1974-ல் போடப்பட்ட மற்ற நாற்காலிகள் போட்ட இடத்திலேயே இருக்கின்றன. காற்றை அறிந்த இருவரை நியமிக்காத மாநிலத்துக்கு என்ன தண்டனை என்று கூறும் பிரிவு காற்றுச் சட்டத்தில் 1981-லும் எழுதப்படவில்லை. பின்னர் வந்த திருத்தங்களிலும் சேர்க்கப்படவில்லை.