டவுன் ஹாலின் மாடி மேடை

சென்னை சென்ட்ரலுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் இடையே செக்கச் செவேலென்று நிற்கிறது விக்டோரியா பப்ளிக் ஹால். மெட்ரோ ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அது இன்னொரு பழைய கட்டடம். பழைய பட்டணவாசிகளுக்கு அதுதான் டவுன் ஹால்.

1883 டிசம்பரில் விஜயநகரம் சமஸ்தானத்து மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். வரைபடம் ராபர்ட் சிஸமுடையது, கட்டியவர் நம்பெருமாள் செட்டி. பிரமுகர்கள் தந்த நன்கொடையில் எழுந்த கட்டடத்துக்கு, ராணியின் பொன்விழாவை ஒட்டி அவர் பெயரையே வைத்தார்கள். நிலம் நகராட்சியுடையது: 57 கிரவுண்டு, கிரவுண்டுக்கு ஆண்டுக்கு எட்டணா, 99 ஆண்டுக் குத்தகை.

அப்போது சுற்றிலும் பீப்பிள்ஸ் பார்க்கின் மரங்கள். மின்விளக்கும் ஒலிபெருக்கியும் பட்டணத்துக்கு வராத காலம். வெயிலும் காற்றும் நடிகரின் குரலும் எப்படிப் போய்ச் சேரும் என்று பார்த்துத்தான் கட்ட வேண்டியிருந்தது. அரங்கை மாடியில் வைத்தார் சிஸம். நீளவாட்டில் இரு பக்கமும் வளைவுகள் கொண்ட தாழ்வாரம் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விட்டது. மேடைக்கு எதிரே பிறைபோல் வளைந்த மரக் கேலரி. இருநூறு பேர் அதில், இன்னும் அறுநூறு பேர் கீழே. சதுரக் கோபுரத்தின் உச்சியில் மட்டும் திருவிதாங்கூர்ச் சாயலில் சரிந்த கூரை.

1891-இல் பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் குழு வந்து தெலுங்கு நாடகம் போட்டது. அதுவரை தமிழ் நாடகத்தை மதிக்காத பம்மல் சம்பந்த முதலியார் அதைப் பார்த்து மனம் மாறி, அதே ஆண்டு ஜூலையில் நண்பர்களோடு சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். கூத்தாடிகள் என்று ஒதுக்கப்பட்ட தொழிலை வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கையில் எடுத்தார்கள். பகலில் கோர்ட்டு, மாலையில் ஒத்திகை. ஹாம்லெட், அமலாதித்யனாகத் தமிழ் பேசினான். 1897-இல் விவேகானந்தர் முழங்கியதும் இதே மண்டபத்தில்தான். அதே காலத்தில் சில நிமிடச் சலனப்படங்களும் இங்கே ஓடின. நாடகத்தின் கூட்டத்தைப் பின்னாளில் அள்ளிக்கொண்டு போன சினிமாவுக்கும் முதலில் இடம் கொடுத்தது நாடக மேடைதான்.

பிறகு சபா மவுண்ட் ரோட்டுக்குப் போனது. கச்சேரிக்கும் நாடகத்துக்கும் மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பக்கம் சபாக்கள் பெருகின. பக்கத்து மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. குத்தகைக் காலம் முடிந்தும் வழக்குகள் இழுத்தன. வளாகத்தில் கடைகள் முளைத்தன. மாடி அரங்கு பூட்டியே கிடந்தது.

மாநகராட்சி கட்டடத்தைத் தன் பொறுப்பில் எடுத்து, சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் சீரமைப்பை மேற்கொண்டது. கீழே அருங்காட்சியகம், மேலே நிகழ்ச்சி அரங்கு என்பது திட்டம். அன்று பூங்கா இருந்த இடத்தில் இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஹாரன். தாழ்வாரத்தைத் திறந்தால் காற்றோடு சத்தமும் வரும். அடைத்துக் குளிரூட்டினால் சிஸமின் கணக்கு வீணாகும்.

செங்கல்லும் சுண்ணாம்பும் பணம் இருந்தால் தேறிவிடும். மேடைக்கு வேண்டியது ஆள். எட்டணா நிலத்தில் எழுந்த மண்டபத்தில் சம்பளம் வாங்காத அமெச்சூர்களின் நாடகத்துக்கும் இடம் இருந்தது. ஆகவே இந்தச் சீரமைப்பை எடைபோட வேண்டியது சுவரைப் பார்த்தல்ல, வாடகைப் பட்டியலைப் பார்த்து. கல்லூரி மாணவர்களின் சின்னக் குழு ஒன்று தன் முதல் நாடகத்துக்கு அந்த அரங்கை எடுக்க முடிந்தால் டவுன் ஹால் மீண்டது என்று சொல்லலாம். முடியாவிட்டால், மாடியும் கீழ்த்தளத்தைப் போல அருங்காட்சியகமே.