ஒலித்தொகுப்பியின் முகப்புப் பெயர்கள்: மாற்றி எழுதுதலும் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

சிந்தசைசர் என வழங்கும் ஒலித்தொகுப்பி, மின்சுற்றுகளால் ஒலியைத் தோற்றுவித்து அதன் பண்புகளை மாற்றித் தரும் இசைக்கருவியாகும். இதன் முகப்பில் பல குமிழ்களும் விசைகளும் அமைந்திருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சொல்லோ, சுருக்கமோ, குறியோ அச்சிடப்பட்டிருக்கும். இவற்றை இக்கட்டுரை முகப்புப் பெயர்கள் எனக் குறிப்பிடுகின்றது. இப்பெயர்களைத் தம் தேவைக்கும் மொழிக்கும் ஏற்ப மாற்றி எழுதிக்கொள்ளும் வழக்கம் இக்கருவிகளைப் பயன்படுத்துவோரிடையே நிலவுகின்றது.

முகப்புப் பெயர் வாக்கியத்தில் வருவதில்லை. எழுவாயோ பயனிலையோ அதற்குத் துணை இல்லை. அதன் பொருளை வரையறுப்பவை இரண்டு: அது அமைந்துள்ள இடம், அதன் பக்கத்திலுள்ள பிற பெயர்கள். எனவே முகப்புப் பெயர்களைச் சொல் சொல்லாக மொழிபெயர்க்க இயலாது. தொகுதியாகவே மொழிபெயர்க்க வேண்டும். இக்கருத்தைச் சில புகழ்பெற்ற கருவிகளின் பெயர்களைக் கொண்டு நிறுவுவதும், தமிழில் அத்தகைய தொகுதியை அமைக்கும்போது எழும் சிக்கல்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. மாற்றி எழுதும் முறைகள்

முகப்பை மாற்றி எழுதும் முறைகள் மூன்று. முதலாவது, குமிழ்களுக்குத் துளையிட்ட அட்டையையோ நெகிழித் தாளையோ முகப்பின்மேல் பொருத்துதல். இரண்டாவது, முகப்புத் தகட்டையே கழற்றிப் புதிய தகட்டைப் பொருத்துதல். 1995இல் ஜெர்மனியின் டெப்ஃபர் நிறுவனம் வெளியிட்ட ஏ-100 வரிசையைப் பின்பற்றிய சிறு கூறுகளில் இது எளிது. தகடு சில திருகாணிகளாலேயே நிற்கின்றது. மூன்றாவது, பொதுக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றை இணைத்து, அதன் பெயரில்லாத குமிழ்களுக்குப் புதிதாகப் பெயரிடுதல். 1983இல் வெளிவந்த மிடி தரநிலை இதற்கு வழிவகுத்தது.

அயல்மொழி முகப்பே இம்மாற்றத்துக்கு வெளிப்படையான காரணம். சோவியத் நாட்டில் 1982 முதல் உருவாக்கப்பட்ட போலிவாக்ஸ் கருவியின் பெயர்கள் சிரில்லிக் எழுத்தில் அமைந்தவை. அவ்வெழுத்தை அறியாதவர் பெயர்ப்பு வரைபடம் இன்றி அதனைக் கையாள்வது கடினம். ஆனால் ஒரே மொழிக்குள்ளும் பெயர்கள் மாறி வந்துள்ளன என்பதே மொழியியலார்க்கு முதன்மையான செய்தி.

2. பெயரிடும் நெறிகள்

முகப்புப் பெயர்கள் பொதுவாக மூன்று நெறிகளில் அமைகின்றன.

2.1. சுற்றுவழிப் பெயர்கள்: உள்ளே உள்ள மின்சுற்று எது என்பதைப் பெயர் கூறுகின்றது. அலையியற்றி, வடிப்பான், பெருக்கி எனத் தமிழாக்கத்தக்க பெயர்கள் இவ்வகையின. ராபர்ட் மூக் 1960களில் உருவாக்கிய கூறுத் தொகுதிகளில் இந்நெறியே மேலோங்கியது.

2.2. செவிவழிப் பெயர்கள்: கேட்போர் உணரும் மாற்றத்தைப் பெயர் கூறுகின்றது. அதே மூக் நிறுவனம் 1970இல் மேடைக் கலைஞர்க்காக மினிமூக்கை வெளியிட்டபோது, பெருக்கியை ஆளும் பகுதிக்கு ‘லவுட்னஸ் கான்டூர்’, அதாவது ஒலியளவின் வரைவடிவம், எனப் பெயரிட்டது. யமஹா நிறுவனத்தின் சிஎஸ்-80 கருவியில் வடிப்பானை வாசிப்பின்போதே ஆளும் நெம்புகோல் ஒன்று ‘பிரில்லியன்ஸ்’ எனப் பெயர் பெற்றது.

2.3. உருவகப் பெயர்கள்: டான் புக்லா தம் 200 வரிசையில், முன்னறிய முடியாதவாறு மாறும் மின்னழுத்தங்களைத் தரும் கூறுக்கு ‘சோர்ஸ் ஆஃப் அன்சர்ட்டன்ட்டி’ என்று பெயரிட்டார். இதனைத் ‘தற்போக்கு மின்னழுத்தத் தோற்றுவாய்’ எனப் பெயர்த்தால் செயல் விளங்கும்; ஆனால் பெயரிட்டவரின் நோக்கு மறையும். ‘நிச்சயமின்மையின் ஊற்று’ என்னும் பெயர் அந்நோக்கைக் காக்கும். புக்லாவின் முகப்பு முழுவதையும் பெயர்ப்பவர் இரண்டாவதைத் தேர்தலே பொருந்தும். மூக் முகப்பில் அத்தகைய பெயர் அயலாக நிற்கும்.

ஒரே முகப்பில் மூன்று நெறிகளும் கலந்து வரலாம். எப்பகுதியில் எந்நெறி ஆளப்பட்டுள்ளது என்பதை அறிதலே பெயர்ப்பாளரின் முதற்பணி.

3. ஒரு பொருட் பல பெயர்

வடிப்பான் தன் எல்லை அதிர்வெண்ணுக்கு அருகிலுள்ள ஒலிக்கூறுகளை மிகுவிக்கும் அளவை ஆளும் குமிழுக்கு ஆங்கிலத்திலேயே பல பெயர்கள் உள்ளன. மினிமூக்கில் அது ‘எம்ஃபசிஸ்’. லண்டனின் இஎம்எஸ் நிறுவனம் 1969இல் வெளியிட்ட விசிஎஸ்3 கருவியில் ‘ரெஸ்பான்ஸ்’. கோர்க் நிறுவனத்தின் எம்எஸ்-20 கருவியில் ‘பீக்’. வேறு பல கருவிகளில் ‘ரெசொனன்ஸ்’. இவற்றை அகராதிவழிப் பெயர்த்தால் அழுத்தம், மறுவினை, முகடு, ஒத்ததிர்வு என நான்கு தொடர்பற்ற சொற்கள் கிடைக்கும். ஒரு கருவியில் பழகியவர் மற்றொன்றின் முன் அதே குமிழைத் தேடித் திகைப்பார். ‘அழுத்தம்’ என்பதோ மின்னழுத்தத்தை நினைவூட்டிக் குழப்பத்தை மிகுவிக்கும்.

கலைச்சொல்லாக்க நோக்கில் இந்நான்கிற்கும் ‘ஒத்ததிர்வு’ என்னும் ஒரே சொல்லை ஆளுதல் நன்று. இயற்பியல் பாடநூல் வழி அச்சொல் தமிழ் மாணவர்க்கு அறிமுகமானது. வரலாற்று நூலிலோ கருவியின் வரலாற்றுப் பெயரைச் சுட்டும் இடத்திலோ மூலச்சொல்லை ஒலிபெயர்த்துக் காட்டலாம். முகப்பு, நூல் ஆகிய இரண்டின் தேவைகளும் வேறு என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

4. பல பொருள் ஒரு பெயர்: உறையின் உறுப்புகள்

விசையை அழுத்தியது முதல் ஒலி முற்றும் அடங்கும் வரை அதன் அளவு மாறும் வடிவத்தை ‘என்வெலப்’ என்பர். தமிழில் உறை எனலாம். பெயர்ப்பாளர் பெரிதும் தவறக்கூடிய இடம் இதுவே.

4.1. கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னணு இசை மையத்தைச் சேர்ந்த விளாதிமிர் உசச்செவ்ஸ்கி 1965இல் கேட்டுக்கொண்டவாறு மூக் வகுத்த உறையில் நான்கு உறுப்புகள் இருந்தன. மூக்கின் 911 என்னும் கூறின் முகப்பில் இவற்றுள் மூன்று டி1, டி2, டி3 எனவும், ஒன்று மட்டும் ‘இ’ என்னும் எழுத்தோடும் குறிக்கப்பட்டன. முன்னவை மூன்றும் நேரங்கள். பின்னது ஒரு மட்டம். குறியீடு சுவையற்றதாயினும் அளவையின் வகையைப் பிழையின்றிக் காட்டியது. பின்னர் ஆர்ப் நிறுவனத்தின் வழியாக அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ் என்னும் நான்கு சொற்களும், ஏ.டி.எஸ்.ஆர். என்னும் சுருக்கமும் பரவின. நான்கும் ஒரே தன்மையின போலத் தோன்றுவதால், மூன்றாவது நேரம் அன்று, மட்டம் என்னும் செய்தி முகப்பிலிருந்து மறைந்தது. மூன்றாம் குமிழை உயர்த்தினால் ஒலி நெடுநேரம் நீடிக்கும் எனப் புதியோர் மயங்குவதற்கு இப்பெயரமைப்பு இடந்தருகின்றது. மினிமூக்கின் முகப்போ டைம், லெவல் என்னும் சொற்களைச் சேர்த்தே அச்சிட்டு இம்மயக்கத்தைத் தவிர்த்தது.

4.2. விசிஎஸ்3 கருவியின் உறைக்கும் நான்கு உறுப்புகளே: அட்டாக், ஆன், டிகே, ஆஃப். இங்கு நான்கும் நேரங்கள். மேலும், இங்கு ‘டிகே’ என்பது ஒலி இறுதியாகத் தேய்ந்து அடங்குதலைக் குறிக்கும். ஏ.டி.எஸ்.ஆர். தொகுதியிலோ அதே சொல் உச்சத்திலிருந்து நிலைமட்டத்துக்கு இறங்குதலைக் குறிக்கும். எழுத்தளவில் ஒன்றாயினும் தொகுதியளவில் இவை இரு வேறு சொற்கள்.

4.3. யமஹாவின் டிஎக்ஸ்7 கருவியில் (1983) உறை நான்கு ‘ரேட்’டுகளாலும் நான்கு ‘லெவல்’களாலும் அமைகின்றது. ‘ரேட்’ என்பது வேகம். நேரத்தின் எண்ணைக் கூட்டினால் மாற்றம் மெதுவாகும். வேகத்தின் எண்ணைக் கூட்டினால் விரைவாகும். இரண்டையும் ‘நேரம்’ எனப் பெயர்த்தால் குமிழ் எதிர்த்திசையில் வேலை செய்வதாகப் பயன்படுத்துவோர் கருதுவர்.

5. தமிழில் ஒரு தொகுதி

5.1. ஏ.டி.எஸ்.ஆர். தொகுதியின் நேர் அகராதிப் பொருள்கள் தாக்கு, சிதைவு, தாங்கு, விடுப்பு என்பன. இவற்றுள் ‘தாக்கு’ ஒலிக்குப் பொருந்தாத வன்மையைத் தருகின்றது. ‘சிதைவு’ கதிரியக்கத் துறைக்குரியதாகப் பதிந்துவிட்டது. ‘விடுப்பு’ அலுவலகச் சொல். மேலும், ஆங்கிலத்தில் ‘ரிலீஸ்’ என்பது வாசிப்பவரின் விரல் விசையை விடுதலைக் குறிக்கின்றது. ஏனைய மூன்றும் ஒலியின் நிலைகளைக் குறிக்கின்றன. தமிழில் நான்கையும் ஒலியின் நிலைகளாகவே கொள்ளலாம்: எழுநேரம், தணிநேரம், நிலைமட்டம், அடங்குநேரம்.

இவற்றுள் மூன்று வினைத்தொகைகள். காலம் கரந்து நிற்றலால் வினைத்தொகை எக்காலத்துக்கும் பொதுவான செயலைக் குறிக்க ஏற்றது. நிலைமட்டம் மட்டும் பெயர்த்தொகை. நேரம், மட்டம் என்னும் இறுதிச் சொற்கள் அளவையின் வகையை வெளிப்படையாகக் காட்டுகின்றன. இவ்வாறு, ஆங்கிலச் சுருக்கத்தில் மறைந்த செய்தியைத் தமிழ்த் தொகுதி மீட்டுத் தருகின்றது. விசிஎஸ்3 முகப்பின் ‘டிகே’ இத்தொகுதியில் தணிநேரம் ஆகாது, அடங்குநேரமே ஆகும்.

5.2. அலையியற்றியின் சுருதி எல்லையை மினிமூக் 32, 16, 8, 4, 2 என்னும் அடி அளவுகளால் குறிக்கின்றது. இவை குழல் ஆர்கனின் குழல் நீளங்களிலிருந்து வந்தவை. மின்கருவியில் குழல் இல்லாத நிலையிலும் எண்கள் எஞ்சி நிற்கின்றன. அடுத்தடுத்த எண்களுக்கு இடையே ஒரு ஸ்தாயி வேறுபாடு உண்டு. தமிழிசை மரபில் மெலிவு, சமன், வலிவு என மூன்று ஸ்தாயிகளுக்கும் பெயருண்டு. எனினும் முகப்பில் ‘வலிவு’ என்று எழுதினால் ஒலியின் உரப்பைக் கூட்டும் குமிழ் எனப் பொருள்படும். அனுமந்தரம், மந்தரம், மத்தியம், தாரம், அதிதாரம் என்னும் ஐந்து பெயர்கள் ஐந்து நிலைகளுக்கும் வரிசையாகப் பொருந்துகின்றன. பொருள் மயக்கமும் இல்லை. தனித்தமிழ்ச் சொல்லே எங்கும் சிறந்தது என்னும் கொள்கையைவிட, தொகுதிக்குள் மயக்கம் தராத சொல்லே சிறந்தது என்னும் கொள்கை முகப்புக்கு ஏற்றது.

5.3. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லுதலை மினிமூக் ‘கிளைடு’ என்றும், வேறு கருவிகள் ‘போர்ட்டமென்டோ’ என்றும் குறிக்கின்றன. கர்நாடக இசையாளர் இதற்கு ‘ஜாரு’ என்னும் சொல்லை ஏற்கெனவே வழங்குகின்றனர். புதுச்சொல் ஆக்கவேண்டிய தேவை இங்கு இல்லை.

5.4. செவிவழிப் பெயர்களில் ஆங்கிலம் ஒளியை உருவகமாகக் கொள்கின்றது. தமிழர் தெளிந்த குரலைக் ‘கணீரென்ற குரல்’ என்பர். அதன் மறுதலையைக் ‘கம்மிய குரல்’ என்பர். ‘பிரில்லியன்ஸ்’ என்பதை ‘ஒளிர்வு’ என்பதைவிடக் ‘கணீர்’ என்னும் ஒலிக்குறிப்பால் பெயர்த்தல் செவிக்கு நெருக்கமானது. ஒலிக்குறிப்புச் சொற்கள் கலைச்சொல்லாக்கத்தில் போதிய இடம் பெறாதவை. முகப்புப் பெயர்களில் அவற்றுக்கு இயல்பான இடமுண்டு.

6. இடமும் சுருக்கமும்

முகப்பில் ஒரு பெயருக்குக் கிடைக்கும் அகலம் பெரும்பாலும் குமிழின் அகலமே. தமிழில் சுருக்கப்பெயர் அசையெழுத்தால் அமையும். மின்னழுத்தக் கட்டுப்பாட்டு அலையியற்றி, வடிப்பான், பெருக்கி என்பவற்றை மி.க.அ., மி.க.வ., மி.க.பெ. எனச் சுருக்கலாம், ஆங்கிலச் சுருக்கங்களைப் போலவே இவையும் இறுதி எழுத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. உறையின் நான்கு உறுப்புகளும் எ, த, நி, அ எனத் தெளிவாக வேறுபடுகின்றன. ஆயின் அலையியற்றிப் பகுதியிலும் ‘அ’ வரக்கூடுமாதலால், ஒவ்வொரு பகுதியையும் கோடிட்டுப் பிரித்து அதன் தலைப்பை முழுச்சொல்லாக எழுதுதல் வேண்டும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சிறிய எழுத்தில் எளிதில் மயங்குவன. ஆகவே எகர, ஏகார வேறுபாட்டை மட்டும் நம்பி இரு குமிழ்களுக்குப் பெயரிடுதல் கூடாது. முக்கோணம், சதுரம், ரம்பப்பல் ஆகிய அலைவடிவங்களுக்குப் படக்குறிகளே போதும். அவை மொழிபெயர்ப்பை வேண்டுவன அல்ல.

7. இரு சமூகங்களிடையே

இந்தியாவில் இக்கருவிகள் ஆங்கில முகப்போடேயே அறிமுகமாயின. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசையாளர் டேவிட் ட்யூடர் நிறுவிய மூக் தொகுதி இதற்குத் தொடக்கச் சான்று. ஜப்பானிய நிறுவனங்களும் பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்களையே முகப்பில் அச்சிட்டன. கையேடுகளும் பாடங்களும் அப்பெயர்களையே சுட்டுவதால், முற்றிலும் தமிழாக்கிய முகப்பு பயிலுவோரைத் தம் மொழியோடு இணைத்து, அத்துறையின் பரந்த எழுத்துகளிலிருந்து பிரித்துவிடக் கூடும். ஆங்கிலப் பெயர் மட்டும் நின்றாலோ, குமிழ் செய்யும் செயலை அறியாமல் அதன் பெயரை மனப்பாடம் செய்யும் நிலை தொடரும்.

இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வழியை மிடி தரநிலை காட்டுகின்றது. அதில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஓர் எண் உண்டு: அடங்குநேரம் 72, எழுநேரம் 73, வடிப்பானின் எல்லை அதிர்வெண்ணுக்குப் பெரிதும் பயன்படும் ‘பிரைட்னஸ்’ 74. எண் எம்மொழிக்கும் உரியதன்று. மேலட்டையில் தமிழ்ப்பெயரைப் பெரிதாகவும், மிடி எண்ணைச் சிறிதாகவும், மூலப்பெயரை மறையாமலும் அமைத்தால் இரு சமூகங்களோடும் உறவு அறாது.

8. முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன: (அ) முகப்புப் பெயரின் பொருள் அதன் தொகுதியால் வரையறுக்கப்படுகின்றது. (ஆ) ஒரே சொல் இரு கருவிகளில் வெவ்வேறு பொருளும், வெவ்வேறு சொற்கள் ஒரே பொருளும் தரக்கூடும். (இ) நேரம், மட்டம், வேகம் என்னும் அளவை வகையைப் பெயரிலேயே காட்டுதல் வேண்டும். (ஈ) இசையாளரிடம் ஏற்கெனவே வழங்கும் சொல்லை முதலில் நாடி, அதன்பின்னரே புதுச்சொல் ஆக்குதல் வேண்டும்.

கலைச்சொற் பட்டியல்கள் பெரும்பாலும் அகரவரிசையில் தொகுக்கப்படுகின்றன. அவ்வரிசையில் எழுநேரமும் அடங்குநேரமும் தனித்தனிப் பக்கங்களில் நிற்கும். அவற்றுக்கிடையிலான உறவு புலப்படாது. கருவிகளுக்கான சொற்களைத் தொகுப்போர், முகப்பின் வரைபடத்தையே பட்டியலின் அலகாகக் கொண்டு, குமிழ் ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்தபின் பெயரிடுவது மேற்கூறிய பிழைகளைத் தவிர்க்க உதவும். சலவைப்பொறி முதல் மருத்துவக் கருவி வரை முகப்புள்ள பிற பொறிகளுக்கும் இம்முறை பொருந்தும்.